கத்தரிக்கோல் போட்ட விலை

பந்தயம் ஒன்றை ரத்துச் செய்ய உங்களுக்கு இப்போது ஒரு பொத்தான் போதும். "விலையில் வெளிப்படையான பிழை" என்ற ஆயத்த வாசகம் தானாகவே வாடிக்கையாளரின் கைப்பேசிக்குப் போய்விடும். அவர் திட்டுவார். அதற்கும் ஓர் ஆயத்தப் பதில் இருக்கிறது. போன மாதம் உங்கள் பந்தயக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தபோது, பின்னால் நின்று அரைமணி நேரம் பார்த்தேன். வேலை சுத்தமாக நடக்கிறது. முகம் தெரியாத ஆளோடு சண்டை பிடிக்கும் சுகம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் ஆள் கவுண்டருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஈரக் கோட்டோடு நின்றான்.

அன்றைக்கு உங்களில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், பிழையான விலையெண்டால் திருத்திறதுதானே? அதிலை யோசிக்க என்ன இருக்கு?" நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். பதில் நீளமானது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமல்ல; உங்கள் மேலிடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்படையான பிழை பற்றிய விதி நல்ல விதி. நான் வேலை செய்த கம்பனியின் விதிப் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது இன்றும் எனக்கு ஞாபகம். விலையை எழுதுவதிலோ அறிவிப்பதிலோ, பார்த்தவுடனே தெரியக்கூடிய பிழை நேர்ந்தால், பந்தயம் சரியான விலையில் தீர்க்கப்படும். யாரோ தவறுதலாகப் போட்ட ஒரு பூச்சியத்துக்காக ஒரு கடையை இழுத்து மூட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பந்தயத்துக்காக ஒருவர் நீதிமன்றம் போகவும் முடியாது. போனால் நீதிபதி கதவைக் காட்டுவார். ஆகவே எங்கள் விதிப் புத்தகமே சட்டம், அதைக் கையில் வைத்திருந்தவனே நீதவான். அந்தப் பதவி ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்பதை நான் என்னிலேயே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வால்தம்ஸ்டோவில், சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஒரு பந்தயக் கடை. நான் அதன் மனேஜர். கணக்காளர் ஆவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பரீட்சையின் பாதியில் பகுதிநேரமாக உள்ளே நுழைந்து, பிறகு வெளியேற மறந்துபோனவன். கணக்குப் படித்தவனுக்கு அந்தக் கடை ஒரு சொர்க்கம்தான். ஆறு குதிரைகளை ஒன்றோடொன்று பின்னிப் போட்ட பந்தயத்தைக் கல்குலேட்டர் இல்லாமல் தீர்ப்பேன். சனிக்கிழமை மதியம் புகை கண்ணை மறைக்கும். சுவர் முழுக்கப் பத்திரிகைப் பக்கங்கள், நிலம் முழுக்கக் கசங்கிய பந்தயத் துண்டுகள், நூலில் கட்டியும் காணாமல் போகிற சின்னப் பேனைகள். அந்த வாசனையை இன்றைக்கு எங்காவது ஒரு பழைய கோட்டில் கண்டால் நின்று விடுவேன். மனைவி இதை ஒரு நோய் என்கிறாள்.

கவுண்டரில் டொரீன். வால்தம்ஸ்டோவிலேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுப் பெண்மணி. பந்தயம் கட்டுபவர்களில் ராசாவையும் ரவுடியையும் ஒரே மாதிரி "லவ்" என்றுதான் அழைப்பார். குதிரை தெரியும், நாய் தெரியும். உதைபந்தாட்டம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

உதைபந்தாட்டத்தில் அப்போது புதிதாகப் பிடித்திருந்த பந்தயம், முதல் கோலை அடிப்பவர் யார் என்பது. தலைமையகம் ஒவ்வொரு சனியும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு அணி வீரர்களின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் உரிய விலையையும் காலையில் ஃபாக்ஸில் அனுப்பும். எட்டு என்றால் ஒரு பவுணுக்கு எட்டுப் பவுண். முன்னால் நின்று அடிக்கிறவனுக்கு விலை குறைவு, பின்னால் நின்று தடுக்கிறவனுக்குக் கூட. இரண்டு அணிகளும் இடைவெளி இல்லாமல், சட்டை இலக்க ஒழுங்கில், ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். கோல்காப்பாளர்களைச் சேர்ப்பதில்லை. ஒவ்வோர் அணியும் இரண்டில் தொடங்கிப் பதினொன்றில் முடியும். கடைசி வரி, "கோல் இல்லை."

அந்தத் தாளில் பெயர்கள் இடது ஓரத்திலும் விலைகள் வலது ஓரத்திலும் இருக்கும். நடுவில் ஒரு சாண் வெறுமை. எங்கள் கடைச் சுவரிலோ இடமில்லை. நான் என்ன செய்வேன் என்றால், நடு வெறுமையைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, பெயர்த் துண்டையும் விலைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவேன். பாதி இடம் மிச்சம். வட்டார மேலாளர் வந்தபோது பார்த்துப் பாராட்டி, மற்றக் கடைகளுக்கும் சொல்கிறேன் என்றார். நல்ல காலம், சொல்லவில்லை.

அந்தச் சனி காலை நான் அவசரத்தில் வெட்டினேன். விலைத் துண்டின் தலைப்பை வெட்டும்போது முதலாவது விலையும் சேர்ந்து போய்விட்டது. ஒட்டினேன். எல்லா விலைகளும் ஒரு வரி மேலே ஏறி நின்றன. பெரும்பாலான பெயர்களுக்கு அது தெரியவில்லை. தடுப்பவனுக்குப் பக்கத்துத் தடுப்பவனின் விலை, அடிப்பவனுக்குப் பக்கத்து அடிப்பவனின் விலை. முதல் அணியின் பதினோராம் இலக்கத்துக்கு மட்டும் அடுத்த வரி, எதிரணியின் இரண்டாம் இலக்கம். எட்டாக இருக்க வேண்டிய விலை நாற்பது ஆயிற்று.

என் அறிவின் உச்சம் இனித்தான். விலைகள் ஒன்று குறைந்துவிட்டதால், கடைசி வரியில் "கோல் இல்லை" என்பதற்குப் பக்கத்தில் வெற்றிடம். அதைப் பார்த்தேன். ஃபாக்ஸ் இயந்திரம் ஒரு விலையை விழுங்கிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்து, வழக்கமான விலையைப் பேனையால் அழகாக எழுதினேன். பிழை நேரே வந்து என்னிடம் தன்னை அறிமுகம் செய்தது. நான் அதற்கு அலங்காரம் செய்து அனுப்பினேன். நீங்கள் இதிலிருந்து வேறு எதையும் எடுக்காவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தாளில் ஓர் இடம் காலியாக இருந்தால், நிரப்புவதற்கு முன் ஏன் காலி என்று கேளுங்கள். படித்தவர்கள்தான் நிரப்புவதில் கெட்டிக்காரர்கள்.

மதியம் ஒன்றரை மணிக்குச் சூசைதாசன் வந்தான். மன்னார்க்காரன். முப்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, அதனால் கையில் எப்போதும் ஒரு சோப்பு வாசம். ஊரில் பங்குக் கோயில் அணிக்கு இடப்புற ஓரத்தில் ஓடியவன். சனிதோறும் இரண்டு பவுண் போடுவான், அந்த ஓரக்காரன் அணியும் பதினோராம் இலக்கத்துக்கு. எந்த அணி, எந்த ஆள் என்ற கவலை இல்லை.

அன்றைக்கு அவன் முதல் அணியின் பதினொன்றை எழுதிய துண்டை நீட்ட, டொரீன் சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிவா, பதினொன்றுக்கு நாற்பதா?"

நான் ஒரு நாய்ப் பந்தயத்தின் நடுவில் இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. "சுவரில் இருப்பதை எழுதுங்கள், டொரீன். சுவர்தான் விலை."

அவர் நாற்பது என்று எழுதி, பக்கத்தில் தன் சிறுகையெழுத்தைப் போட்டார். சூசை என்னைப் பார்த்துக் கையசைத்தான். "அண்ணை, இண்டைக்குப் பத்துப் பவுண் போட்டிருக்கிறன். மனிசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

"உம்மடை மனிசி மன்னாரிலை. நான் என்னெண்டு சொல்லுறது?"

"நீங்கள் எழுதினாலும் எழுதுவியள்."

ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. சனி மதிய ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வராத காலம். தொங்கும் பெட்டியில் ஆட்ட நிலவரம் காட்டும் டெலிடெக்ஸ்ட் எழுத்துகள் மட்டும் மாறும். இருபதாவது நிமிடத்தில் ஒரு பெயர் விழுந்தது. பதினோராம் இலக்கம். சூசை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டு, பிறகு இடம் பொருத்தமில்லை என்று நினைத்தோ என்னவோ, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

நான் துண்டைத் தீர்க்க எடுத்தபோதுதான் நாற்பதைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். பேனையால் எழுதிய கடைசி வரியைப் பார்த்தேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது.

அந்த அளவு தொகைக்குத் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். மறுமுனையில் இருந்தவர் தன் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டல்லவா? உங்களிடம் எப்படி நாற்பது?" என்றார்.

"ஃபாக்ஸ் அப்படித்தான் வந்தது" என்றேன்.

மூன்று சொற்கள். வாயிலிருந்து தானாக வந்தன. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாராட்டப்பட்ட கத்தரிக்கோலைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர. ஒட்டிய தாளைச் சுவரிலிருந்து கழற்றி, நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தேன். சூசையிடம், "ஒரு சின்னச் சிக்கல், பேரையும் விலாசத்தையும் எழுதித் தந்திட்டுப் புதன் வாரும்" என்றேன். அவன் நம்பிப் போனான்.

செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். முன்னாள் பொலிஸ்காரர், உயரமான ஆள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசும் பழக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். பின் அறையில் என் கதிரையில் அமர்ந்து, என்னை எதிரே ஒரு பெட்டியில் இருக்கச் சொன்னார்.

"அறுபது கடைகளுக்கு அதே ஃபாக்ஸ் போயிருக்கிறது. அறுபதிலும் எட்டு. இங்கே மட்டும் நாற்பது. எங்கே அந்தத் தாள்?"

"குப்பையில் போய்விட்டது."

இரண்டாவது பொய். முதலாவதற்குத் துணை வேண்டியிருந்தது.

அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சூசை சனியன்று விட்டுப்போன முழுப் பெயரையும் விலாசத்தையும். பிறகு என் பெயர்ப் பட்டியை. "நீங்கள் இருவரும் ஒரே ஊரா?"

"அவர் மன்னார். நான் யாழ்ப்பாணம்."

"தூரமோ?"

"வால்தம்ஸ்டோவுக்கும் பிரைட்டனுக்கும் உள்ள தூரம்."

"ஆனால் ஒரே மொழி."

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் கணக்கு எளிமையானது. வழக்கமாக இரண்டு பவுண் போடும் ஆள் அன்று பத்துப் போட்டிருக்கிறான். மனேஜர் அவன் மொழிக்காரன். தாள் காணாமல் போயிருக்கிறது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதே கூட்டலைத்தான் போட்டிருப்பேன். எழுந்து போகும்போது ஒரு படிவத்தைத் தந்தார். வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டியது. விலை பிழை என்பதை அறிந்தே பந்தயம் போட்டேன், பந்தயம் ரத்தாவதை ஏற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. "அவன் கையெழுத்திட்டால் ரத்து, போட்ட பத்துப் பவுண் திரும்பும், விஷயம் என் அலுமாரிக்குள் தூங்கும். மறுத்தால் பொலிஸ். வியாழன் காலை என் அலுவலகத்துக்கு வாருங்கள், படிவத்தோடு."

மறுநாள் சூசை வேலை முடிந்து வந்தான். பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன். படிவம் என் பைக்குள் இருந்தது.

"எவ்வளவுக்குப் போட்டனீர் எண்டு தெரியுமே?"

"பத்துப் பவுண்."

"விலையைக் கேக்கிறன்."

"நாப்பது."

"பாத்தனீரோ?"

"பாக்காமல் என்ன அண்ணை, கண் இருக்குத்தானே."

"அது பிழையான விலையெண்டு நினைக்கேல்லையோ?"

"நினைச்சன்."

என் கோப்பை பாதி வழியில் நின்றது.

"இவங்களுக்கு இடக்கால்காரனை மதிக்கத் தெரியாது எண்டு நினைச்சன்" என்றான் சூசை. "ஊரிலையும் உதுதான். ஓரத்தாலை ஓடி ஓடிப் பந்தைக் குடுக்கிறது நாங்கள், தோளிலை தூக்கிறது நடுவிலை நிண்டவனை. நாப்பதெண்டு கண்ட உடனை, சரி, உங்களுக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறன் எண்டுதான் ரெண்டு போடுற இடத்திலை பத்துப் போட்டன். ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். கத்தரிக்கோலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். பொலிஸ் என்ற சொல் வந்ததும் அவன் முகம் மாறியது.

"பொலிஸோ? அண்ணை, எனக்கு ஹோம் ஒபீசிலை அகதிக் கேஸ் கிடக்குது. வாற மாதம் இன்டர்வியூ. களவுக் கேஸ் ஒண்டு எழும்பினால் என்னைத் திருப்பித்தான் அனுப்புவாங்கள்." குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் காசு வேண்டாம். போட்ட பத்தும் வேண்டாம். உந்த ஃபைலிலை இருந்து என்ர பேரை எடுத்து விடுங்கோ. என்ன பேப்பரெண்டாலும் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

பிள்ளைகளே, அந்தப் பேப்பர் என் பைக்குள் இருந்தது. பேனையும் இருந்தது. அவனுக்கு அந்த ஆங்கிலம் முழுக்க விளங்காது. நான் காட்டிய இடத்தில் வைத்திருப்பான். வைத்திருந்தால் என் கத்தரிக்கோலை யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்துகொண்டே ஏமாற்றிய ஒருவன் கிடைத்துவிட்ட பிறகு, ஏமாந்த மனேஜர் வெறும் ஏமாளிதான். அதோடு நான் அவனுக்கு உதவி செய்ததாகவும் ஆகியிருக்கும். அவனே கெஞ்சிக் கேட்டான். நன்றியும் சொல்லியிருப்பான். தப்பிப்பதற்கு அவ்வளவு வசதியான வழி என் வாழ்க்கையில் பிறகு ஒருபோதும் கிடைக்கவில்லை.

நான் நல்லவன் என்பதால் அதைச் செய்யாமல் விடவில்லை. எனக்கு நடைமுறைகள் தெரியும், அதனால் விட்டேன். பாதுகாப்புப் பிரிவின் அலுமாரிக்குள் ஒரு கையெழுத்து தூங்குவதில்லை. யாராவது கேட்டால் எழும்பும். உள்துறை அமைச்சான ஹோம் ஒபீஸ் கேட்டால் உடனே எழும்பும். தன் கையாலேயே தான் ஏமாற்றுக்காரன் என்று எழுதிக்கொடுத்த ஒருவனுக்காக எந்தச் சட்டத்தரணி வாயைத் திறப்பார்?

"உதிலை நீர் கையெழுத்து வைச்சால் உம்மடை பேர் வெளியாலை வராது, தம்பி. நிரந்தரமா உள்ளுக்கை போகும்" என்றேன். பிறகு கத்தரிக்கோல் கதையையும் சொன்னேன்.

அவன் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அப்ப, நீங்கள்தான் பிழை விட்டது."

"ஓம்."

"பிறகு பொய்யும் சொன்னனீங்கள்."

"ஓம்."

"படிச்ச ஆள் எண்டு நினைச்சன்" என்றான். அந்தக் காலத்தில் என்னை வைதவர்கள் பலர். அதைப்போல எதுவும் உறைக்கவில்லை.

கடைக்குத் திரும்பி டொரீனிடமும் சொன்னேன். அவர் புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டை அணைத்தார். "நான் உன்னைக் கேட்டேன், லவ். நீ சுவரைப் பார்க்கச் சொன்னாய்" என்றார். அவ்வளவுதான் திட்டு. பிறகு பின் அறைக்குப் போய்ச் சாக்குகளை அவிழ்க்கத் தொடங்கினார். தோற்ற துண்டுகளை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தத் தொழிலில் பிழைகளை எப்போதும் வென்ற துண்டில்தான் தேடுவோம். தோற்ற துண்டில் எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு நம்பிக்கை. நீங்கள் இப்போது எப்படியோ தெரியாது.

வியாழன் காலைக்குள் சூசையின் எழுத்தில் பத்தொன்பது துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு சனியும் பதினொன்று, இரண்டு பவுண். விலை ஆறாக இருந்த வாரமும் பதினொன்று. ஒரு வாரம் பதினோராம் இலக்கக்காரன் காயப்பட்டு ஆடவேயில்லை. அன்றும் பதினொன்று.

டொரீன் அவற்றுக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுத் தந்தார். கோட்டுப் பையில் மடித்த தாளோடும் அந்தக் கட்டோடும் தலைமையகத்துக்குப் போனேன். இரண்டையும் மேசையில் வைத்தேன்.

அவர் ஒட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல் விலை எங்கே?"

"கத்தரிக்கோலோடு போய்விட்டது."

"கடைசி விலை பேனையால் இருக்கிறது."

"என் கைதான்."

"அப்படியென்றால் ஃபாக்ஸ் அப்படித்தான் வந்தது என்றது?"

"பொய்."

"குப்பையில் போனது?"

"அதுவும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சனிக்கிழமையே சொல்லியிருந்தால் அரைப்பக்க அறிக்கை. அவனுக்கு எட்டின்படி எண்பதைக் கொடுத்துவிட்டு நான் என் தோட்டத்தில் புல்லு வெட்டியிருப்பேன்."

"தெரியும், சேர்."

"ஆனாலும் அவன் விலையைப் பார்த்திருக்கிறான். ஐந்து மடங்கு போட்டிருக்கிறான். பிழை என்று தெரியாமலா?"

இந்தக் கேள்விக்குத்தான் ரயிலில் வரும் வழி முழுக்க விடை தேடினேன். "விலை சரி என்று நினைக்கும் ஒருவர்கூட எங்கள் கடைக்குள் வருவதில்லை, சேர். நாங்கள் போட்ட விலை பிழை, தங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதுதான் எங்கள் வியாபாரம். அவனும் அப்படித்தான் நினைத்தான். அவன் ஆட்டக்காரனின் பெறுமதியை நாங்கள் அறியவில்லை என்று நினைத்தான். எங்கள் கை வழுக்கியது என்று நினைக்கவில்லை. கை வழுக்கியது தெரிந்து போட்டிருந்தால்தான் அது ஏமாற்று."

அவர் பத்தொன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். காயப்பட்ட வாரத்தில் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "இவ்வளவு மோசமாகப் பந்தயம் போடுகிறவன் சதிகாரனாக இருக்க முடியாது" என்றார்.

தீர்ப்பு அன்றைக்கே. எட்டின்படி தீர்க்க. அது சரியான தீர்ப்பு. நாற்பதைக் கேட்டு நான் வாதாடவில்லை, அவனும் கேட்கவில்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஒரு வருடம் இல்ஃபோர்டில் பதில் ஆளாக வேலை. அதுவும் சரிதான்.

ஆனால் நான் எழும்பவில்லை. "அவருக்கு ஒரு கடிதம் வேண்டும்" என்றேன்.

"என்ன கடிதம்? கம்பனி கடிதம் எழுதுவதில்லை."

"விசாரணை முடிந்தால், அதில் பெயர் குறிப்பிடப்பட்ட எவருக்கும் முடிவை எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்கள் பிரிவின் கைநூல், பின்னிணைப்பு."

"அது ஊழியர்களுக்கு."

"எவருக்கும் என்றுதான் இருக்கிறது, சேர்."

அவர் கைநூலை எடுத்துப் பார்த்தார். என்னை வேலையிலிருந்து நீக்காமல் விட்டதற்கு அவர் வருந்திய ஒரே நிமிடம் அதுவாக இருக்கும். பிறகு தட்டச்சுப் பெண்ணைக் கூப்பிட்டு மூன்று வசனங்கள் சொன்னார். இவர் பல மாதங்களாக ஒவ்வொரு சனியும் எங்கள் கடையில் பந்தயம் போடுபவர். குறிப்பிட்ட விலைப் பிழை முழுவதும் எங்களுடையது. இவருடைய நடத்தை எல்லா வகையிலும் நேர்மையானது. கம்பனித் தாளில், முத்திரையோடு.

நீங்கள் அனுப்பும் ஆயத்த வாசகத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். "விலையில் வெளிப்படையான பிழை இருந்ததால் உங்கள் பந்தயம் ரத்து." பிழை யாருடையது என்று அதில் இல்லை. வாசிப்பவர் தன்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள் என்று நினைப்பார். சிலவேளை மற்றவர்களும் நினைப்பார்கள். விலையைத் திருத்துங்கள். அது உங்கள் உரிமை. திருத்தும்போது "பிழை எங்களுடையது" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். கம்பனி அதற்காக வங்குரோத்தாகிக் கதவை மூடாது. முதலில் உங்கள் சட்டப் பிரிவு மறுக்கும். கைநூலின் பின்னிணைப்பை வாசியுங்கள். பின்னிணைப்புகளை வேறு யாரும் வாசிப்பதில்லை.

அடுத்த வசந்தத்தில் சூசை இல்ஃபோர்ட் கடைக்கு வந்தான். பந்தயம் போட வரவில்லை. வாசலில் நின்றே, "அண்ணை, கேஸ் சரிவந்திட்டுது. மனிசிக்கும் எழுதிப் போட்டன்" என்றான். நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து அவன் கையைப் பிடித்தேன். எங்கள் கடிதத்தால் அது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. அவனுடைய சட்டத்தரணி கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அந்தக் கடிதத்தாலை ஒரு பிரச்சினை வந்தது, தெரியுமே?" என்றான். "பங்கு ஃபாதரும் ஒரு நற்சாட்சிக் கடிதம் தந்தவர். குடி தெரியாது, சூது தெரியாது எண்டு நல்லா எழுதியிருந்தவர். லோயர் மனிசி ரெண்டையும் மேசையிலை வைச்சுப் பாத்தவ. ஒண்டு சனிக்கிழமை தவறாமல் பெட் போடுறவர் எண்டுது, மற்றது சூதே தெரியாது எண்டுது. ரெண்டையும் சேத்து அனுப்பேலாது, ஒண்டை வெளியாலை எடும் எண்டவ."

"கடைக் கடிதத்தைத்தானே வெளியாலை எடுத்தனீர்?"

"இல்லை, அண்ணை. ஃபாதரின்ரையை எடுத்திட்டுக் கடையின்ரையைத்தான் அனுப்பினன்."

"ஏன் தம்பி? வெள்ளைக்காரன் பெட்டிங் கடையை நம்புவானோ, கோயிலை நம்புவானோ?"

சூசை தோளைக் குலுக்கினான். "ஃபாதர் நல்லவர்தான். ஆனா, அவருக்கு என்னைத் தெரியாது."